புளி போட்டுத் துலக்கிய பொத்தான்கள்

வெள்ளையனின் கோட்டுப் பொத்தான்களைக் கெடுத்தது நான்தான். பனி அல்ல, பாலிஷ் அல்ல, அவனைப் பெற்ற தாயும் அல்ல. நான்.

சென்ற வாரம் பட்டாளத்துச் சமையற்கூடத்தைப் பற்றி, நாங்கள் லங்கர் என்று சொல்லும் இடத்தைப் பற்றி, விஸ்தாரமாக எழுதியிருந்தேன். பருப்பில் கிடந்த கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்த லங்கரின் பெயரைச் சொல்லி ஒரு நண்பனின் கல்யாணத்தைக் கலைத்ததை மட்டும் எழுதாமல் தாண்டிப் போய்விட்டேன். படித்தவனுக்கு எதை விட்டுவிட்டு எழுதுவது என்று நன்றாகத் தெரியும். இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில், வெள்ளையன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வாசல் நிறையப் புளி. உலுக்கிக் கொண்டுவந்து கொட்டியது ஒரு பக்கம், ஓடு தட்டியது ஒரு பக்கம். காற்றே புளித்தது. சும்மா மூச்சு விட்டாலும் வாயில் எச்சில் ஊறியது.

நானும் வெள்ளையனும் ஒரே படைப்பிரிவில், ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நான் திருப்பத்தூர்க்காரன். பி.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் பட்டாளத்துக்குப் போனவன். என் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை, எல்லோருக்கும் நான் பி.ஏ.தான். இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்திருந்தது. அவன் பெண் கேட்கப் போகிறான், துணைக்கு நான் வந்திருக்கிறேன்.

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்குக் கிளம்பினான்.

"பி.ஏ., கோட்டு உன் பொறுப்புபா. நேத்தே பாலிஷ் போட்டுட்டேன். பட்டன் மேல சும்மா ஒரு தடவ துணி ஓட்டு. பெட்டில எல்லாம் இருக்குது."

"போய்ட்டு வா, ஜொலிக்க வெச்சுடறேன்" என்றேன்.

பெட்டியை நான் திறக்கவே இல்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த குவியலிலிருந்து ஓர் உருண்டை புளியைக் கிள்ளி எடுத்தேன்.

கட்டிலில் தூங்கும் உரிமை

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால், பித்தளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பட்டாளத்தில் எதிரியோடு சண்டை போடுவது எப்போதாவதுதான். பித்தளையோடு தினமும் உண்டு. பெல்ட்டில் பித்தளை, தொப்பியில் பித்தளை, தோளில் பித்தளை எழுத்து, குளிர்காலக் கோட்டில் மேலிருந்து கீழ்வரை பித்தளைப் பொத்தான். எல்லாம் காலையில் கண்ணைக் கூச வேண்டும். மாலைக்குள் மங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து.

பொத்தானுக்கு என்று ஒரு சாதனம் வைத்திருந்தோம். நீளமான தகடு, நடுவில் ஒரு பிளவு. பொத்தானின் காம்பைப் பிளவுக்குள் நுழைத்துவிட்டால் கோட்டுத் துணி தகட்டுக்கு அடியில் மறைந்துகொள்ளும். பாலிஷ் துணியில் படாது. நாங்கள் அதைப் பட்டை என்போம். பட்டை இல்லாமல் பொத்தானைத் தேய்த்தவனை ஹவில்தார் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். ஒவ்வொரு பொத்தானைச் சுற்றியும் தேமல் விழுந்த மாதிரி ஒரு வட்டம் இருக்கும்.

அதற்கு முந்தைய காலத்தில் டப்பா பாலிஷ் எல்லாம் இல்லையாம். செங்கல்லை இடித்துச் சலித்த தூள், சாம்பல், அவரவர் எச்சில், இவைதான். எங்கள் பிரிவிலிருந்த கிழட்டு சுபேதார் ஒருவர் சொல்வார். அவருடைய தொப்பி முத்திரை, தேய்த்துத் தேய்த்து, அதிலிருப்பது புலியா பூனையா என்று தெரியாத அளவுக்கு வழுவழுவென்று ஆகியிருந்தது. பட்டாளத்தில் அதுதான் பெருமை. முத்திரை தேயத் தேய ஆள் பழையவன் என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டு, முத்திரையைச் செங்கல்லில் உரசித் தேய்த்து மாட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொள்வதும் உண்டு. நானும் உரசியிருக்கிறேன். அந்தக் கதை இருக்கட்டும்.

காவலுக்கு ஆட்களை அனுப்பும் முன் வரிசையில் நிறுத்திப் பார்ப்பார்கள். அதில் யாருடைய உடுப்பு மிகத் திருத்தமாக இருக்கிறதோ அவனுக்கு ஸ்டிக் ஆர்டர்லி என்று பெயர். அவன் காவல் நிற்க வேண்டாம். போய்க் கட்டிலில் தூங்கலாம். மற்றவர்கள் விடிய விடியத் துப்பாக்கியோடு குளிரில் நடக்க வேண்டும்.

வெள்ளையன் வரிசையில் நின்றால், மற்ற யாரையும் பார்க்காமலே சுபேதார் அவனைக் கைகாட்டிவிடுவார். அவன் போர்வைக்குள் போகும்போது என்னைப் பார்த்து, "இன்னா பி.ஏ., ராத்திரி கொஞ்சம் மெதுவா நட. பூட்ஸ் சத்தத்துல தூக்கம் கெடுது" என்பான்.

வேடிக்கைக்குத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் கட்டிலிலும், நான்கு ஆங்கில நாடகங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நான் பனியிலும் இருப்பது எந்த ஊர் நியாயம் என்று ஒரு முள் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

கழுதைப் பட்டாளத்தார்

வெள்ளையன் கேட்கப் போன பெண்ணின் பெயர் காசியம்மாள். அவள் அப்பா தீர்த்தக் கவுண்டர், வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் பர்மா பக்கம் கோவேறு கழுதைகளை ஓட்டியவர். முகத்துக்கு நேரே பட்டாளத்தார், முதுகுக்குப் பின்னால் கழுதைப் பட்டாளத்தார்.

மலையிலிருந்து எவன் பட்டாளத்துக்குப் போனாலும், விடுமுறையில் வரும்போது அவர் முன்னால் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் ஊருக்குள் தலைநிமிர முடியும். அவராகவே எடுத்துக்கொண்ட உத்தியோகம் அது. பெண் கேட்டு வருகிறவனைச் சும்மா விடுவாரா?

திருப்பத்தூரிலிருந்து புளி ஏற்றப் போகும் காலி லாரியில் மலை ஏறியபோது, வழிநெடுக வெள்ளையன் இதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"மத்தவனுக்கெல்லாம் ஜாதகம் பாப்பாங்க. எனக்குப் பட்டன் பாப்பாங்க. நான் தோத்துடுவனா?"

லாரிக்காரர், கிளீனர், வழியில் ஏறிய ஆட்டுக்காரர், எல்லோரிடமும் சொன்னான். எனக்கு அந்த முள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குத்தியது. ஒரே ஒருமுறை, ஒரே ஓர் இடத்தில், இவன் தோற்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. கல்யாணம் நின்றுபோகும் என்று நினைக்கவில்லை. கிழவர் நாலு வார்த்தை திட்டுவார், நாங்கள் சிரிப்போம் என்றுதான் கணக்குப் போட்டேன். கெட்ட காரியத்துக்குப் போகிறவன் எப்போதும் சின்னக் கணக்குத்தான் போடுவான்.

புளி போட்டுத் துலக்கினால் பித்தளை எப்படிச் சிரிக்கும் என்று வீட்டில் குடம் துலக்கும் எவருக்கும் தெரியும். நன்றாகத் தண்ணீர் விட்டு அலசாமல் விட்டால் பிறகு எப்படி அழும் என்பதும் தெரியும். வெள்ளையன் குளித்துவிட்டு வந்தபோது பொத்தான்கள் புதுத் தங்கம் மாதிரி இருந்தன. பட்டை வைக்காமல் தேய்த்ததால் சுற்றிலும் ஈரம் இருந்தது. காக்கிக் கம்பளியில் அது அப்போது தெரியவில்லை. நான் அலசவில்லை. அவன் என் தோளில் தட்டினான்.

"பாத்தியா, பி.ஏ.வுக்கும் கை வந்துடுச்சு!"

களத்தில் நடந்த பரேடு

காசியம்மாளின் ஊருக்கு இரண்டு மேடு ஏறி இறங்க வேண்டும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். போகிற வழிப் புல்லெல்லாம் நனைந்திருந்தது. பிறகு வெயில் ஏறியது. பாதி வழியிலேயே பொத்தான் ஓரங்கள் கறுக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. அவன் எதிரே பார்த்து நடந்துகொண்டிருந்தான். பெண் கேட்கப் போகிறவன் குனிந்து தன் வயிற்றையா பார்ப்பான்?

தீர்த்தக் கவுண்டர் சாமை அடிக்கும் களத்தில் காத்திருந்தார். வேட்டிதான், ஆனால் பெல்ட் போட்டிருந்தார். கையில் ஒரு பிரம்பு. எங்களோடு வந்திருந்த வெள்ளையனின் பெரியப்பா தாம்பூலத் தட்டோடு முன்னால் போக, அவர் கையமர்த்தினார்.

"தட்ட அப்பால வைங்க. மொதல்ல ஆளப் பாக்கறேன். நில்லுடா."

வெள்ளையன் விறைப்பாக நின்றான். கிழவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிரம்பு நுனியால் ஒரு பொத்தானைத் தூக்கினார். அடியிலிருந்த துணியைப் பார்த்தார். அடுத்த பொத்தான். அதற்கடுத்தது. ஒவ்வொன்றைச் சுற்றியும் கரும்பழுப்பு வட்டம், விளிம்பில் பச்சைக் களிம்பு. அவர் சுண்டுவிரலால் ஒன்றை வழித்து நாக்கில் வைத்தார்.

ஒருமுறை சப்புக்கொட்டினார்.

"புளி" என்றார்.

"இன்னா மாமா?"

"புளிடா. என் மரத்துப் புளியா உன் மரத்துப் புளியான்னு வேணா சொல்லட்டுமா?"

வெள்ளையன் அப்போதுதான் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் அந்த நேரத்தில் இருந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை.

"என் கழுதை மூஞ்சில கட்டுன பித்தளையே இதவிட மின்னும்டா. புளி போட்டுத் தொலக்கறது அண்டா குண்டான் கழுவறவன் வேல. நீ நெசமாவே பட்டாளத்தானா, இல்ல சோறாக்கப் போனவனா?"

"மாமா, சத்தியமா நான்..."

கிழவர் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ இவங்கூட வேல செய்யறவன்தானே? படிச்சவனாட்டம் கீற. நீ சொல்லு. இவன் அங்க துப்பாக்கி தூக்கறானா, கரண்டி தூக்கறானா?"

'நான்தான் புளி போட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. நான் சிரித்தேன். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "லங்கர்லயும் இருந்திருக்கான்."

பொய் இல்லை. முறை வைத்து நாங்கள் எல்லோரும் லங்கரில் உதவிக்கு நின்றிருக்கிறோம். நானும்தான். அதைச் சொல்லவில்லை.

"அப்டி சொல்லு" என்றார் கிழவர்.

தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றிருந்த காசியம்மாள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "சோறாக்கத் தெரிஞ்சா நல்லதுதானே நைனா? எனக்கு ஒரு வேல மிச்சம்."

களம் முழுக்கச் சிரித்தது. வெள்ளையன்கூட ஒரு கணம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீ உள்ள போ" என்றார். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு மேட்டையும் மறுபடி ஏறி இறங்கினோம்.

செய்யாத தப்பை ஒப்புக்கொண்டவள்

வெள்ளையன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் என் பாவம் பாதி கரைந்திருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அவன் அம்மாவிடம் போனான். மகனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, நான் துணி ஓட்டும் முன்பே, குடம் துலக்குகிற கையோடு கோட்டையும் துலக்கிவிட்டாள் என்று அவனே முடிவு கட்டியிருந்தான்.

"ஏம்மா, பாலிஷ் போட்டதுமேல ஏம்மா புளி போட்ட?"

"நான் தொடவே இல்லடா."

"வேற யாரு போட்டாங்க? வூட்ல வேற யாரு கீறாங்க?"

வேறு யார் இருந்தார்கள்? வாசலில், புளிக் குவியலின் பக்கத்தில், நான்தான் இருந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். வெறுமனே பார்த்தாளா, தெரிந்து பார்த்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் குனிந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினேன்.

அவன் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் சாமைச் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, "ஆமாண்டா, நான்தான் போட்டேன். நல்லா இருக்கும்னு போட்டுட்டேன். துன்னு" என்றாள்.

செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று. செய்த தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பாருங்கள்.

பட்டாளத்துக்குத் திரும்பிய பிறகு வெள்ளையன் தன்னிடம் உபரியாக இருந்த ஒரு பட்டையை எனக்குக் கொடுத்தான். "எங்கூட அம்மாந்தூரம் வந்து நின்னியே" என்றான். தேய்க்கும் முறையையும் காட்டிக்கொடுத்தான். கொஞ்சமாகப் பாலிஷ், வட்டமாக அல்ல, நேராக ஓட்ட வேண்டும், கடைசியில் உலர்ந்த கம்பளித் துணி. அந்த மழைக்காலத்தில் முதல்முறையாக சுபேதார் என்னைக் கைகாட்டினார். நான் கட்டிலுக்குப் போனேன். வெள்ளையன் காவலுக்குப் போனான்.

உறுத்தலில் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். வந்தது. நன்றாகவே வந்தது. அதுதான் இப்போது உறுத்துகிறது.

சந்தையில்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பட்டாளத்தை விட்டு, ஆசிரியப் பயிற்சி முடித்து, ஜமுனாமரத்தூரில் வாத்தியாராக வந்து சேர்ந்தேன். வெள்ளையனும் ஊருக்கு வந்துவிட்டிருந்தான். அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. காசியம்மாளை ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கொடுத்திருந்தார்கள். வெள்ளையனின் அம்மா இறந்துபோயிருந்தாள்.

அவனைப் பார்க்க ஒரு ஜீப்பில் ஏறி, வெள்ளையன் வீட்டருகே இறக்கிவிடச் சொன்னபோது ஓட்டியவர் யோசித்தார்.

"வெள்ளையனா? எந்த வெள்ளையன்?"

"மிலிட்டரியில இருந்தாரே."

"ஓ, புளிப் பட்டாளமா! அப்டி சொல்லுங்க சார்."

அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டேன். முழுதாக, சிரிக்காமல். கல்யாணத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எங்கம்மாவ ஏசினேனேடா" என்றான். "சோறு துன்னாம அழ வெச்சேனேடா."

நான் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட கேட்டு இன்னா? எம்பேரு ஊர்ல கீது. அங்க போய்ச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டான்.

ஊர் என்றால் முதலில் தீர்த்தக் கவுண்டர். அவர் இன்னும் திடமாக இருந்தார், பெல்ட்டும் இருந்தது. கேட்டு முடித்தவர் பிரம்பால் தரையைத் தட்டினார்.

"அன்னிக்குச் சொன்ன சாட்சி பொய்ன்ற. இன்னிக்குச் சொல்றது நெசம்னு யாரு சாட்சி?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப எங்கிட்ட தனியா வந்து சொன்னா செல்லாது. சந்தையில வந்து சொல்லு. கூட்டத்துல பொய் சொல்றவன் கொறச்சல்."

அடுத்த சந்தை நாளில் அவரே வந்துவிட்டார். தொப்பி முத்திரையைச் சட்டையில் குத்தியிருந்தார், அதிலும் புலியா பூனையா தெரியவில்லை. வெள்ளையனையும் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். கோட்டோடுதான் வர வேண்டும் என்று உத்தரவு. என்னை ஒரு புளி மூட்டைமேல் ஏறச் சொன்னார். என் மாணவர்களின் தகப்பன்மார், சாயபு கடைக்காரர், ஆட்டு வியாபாரிகள், எல்லோரும் பார்க்க, நான் ஏறிச் சொன்னேன். புளி போட்டவன் நான். வெள்ளையன் அல்ல, அவன் அம்மாவும் அல்ல. லங்கரில் நானும்தான் கரண்டி பிடித்தேன்.

சந்தை சிரித்தது. கிழவர் அந்தச் சிரிப்பைச் சட்டைசெய்யாமல் வெள்ளையனிடம் போனார். பிரம்பால் ஒரு பொத்தானைத் தூக்கி அடியில் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார். துணியில் அந்தப் பழைய கறை மட்டும் லேசாக இருந்தது, பொத்தான்கள் கண்ணைக் கூசின.

"பாஸ்" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "லேட்டு" என்றார்.

நான் ஏறி நின்ற மூட்டை யாருடையது என்று அதுவரை நான் கவனிக்கவில்லை. இறங்கும்போதுதான் அதன் பின்னால் தராசோடு உட்கார்ந்திருந்த காசியம்மாளைப் பார்த்தேன். கும்பிட்டேன்.

"இன்னாங்க வாத்தியாரே" என்றாள், கோபமே இல்லாமல். "அன்னிக்கு என் கையில சொம்புத் தண்ணி இருந்துச்சு. வாயத் தொறந்து சொல்லி இருந்தா அங்கயே ஊத்தி அலசி இருப்பேனே. இத்தினி வருசமா புளிக்க வுட்டீங்களே."

அவள் வேறு ஒருவருக்குப் புளி நிறுக்கத் திரும்பிவிட்டாள்.

வெள்ளையனின் பட்டப்பெயரை என் தலையில் மாற்றிக்கொண்டுவிடலாம் என்றுதான் மூட்டைமேல் ஏறினேன். மலை அப்படி எளிதாக ஒரு பெயரை விட்டுக்கொடுக்குமா? அவன் பெரிய புளி ஆனான், நான் சின்னப் புளி ஆனேன். கரும்பலகையில் ஒருநாள் பிள்ளைகள் அதை எழுதியும் வைத்திருந்தார்கள். அழிக்காமல் பாடம் நடத்தினேன்.

அவன் அம்மா பெயர் மட்டும் சுத்தமாயிற்று. வெள்ளையன் அடுத்த தீபாவளிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவன் வீட்டில் தங்கியிருக்கிறேன். நிலத் தகராறில் என்னைத்தான் சாட்சிக்கு அழைத்தான். மகள் கல்யாணத்தில் பந்தியை என் பொறுப்பில் விட்டான். வீட்டுச் சாவியைக்கூடக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான்.

ஆனால் நான் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஓடைக்குக் குளிக்கக் கிளம்பினால், இன்றைக்கும், துண்டை ஒரு தோளிலும் கோட்டை மறு தோளிலும் போட்டுக்கொண்டுதான் போகிறான்.